ஊர்வனவற்றின் உடலங்களைப் பேணுதல்

உயிர் நீங்கிய பாம்போ பல்லியோ வெப்ப நாட்டில் விரைவில் அழுகத் தொடங்குகின்றது. அவ்வுடல் விலங்கியலறிஞருக்குப் பல தலைமுறை பயன்பட வேண்டுமாயின் அழுகலைத் தடுத்தல் மட்டும் போதாது. அதனைப்பற்றிய செய்தியையும் அழியாது காத்தல் வேண்டும்.

முற்காலத்தில் இப்பணிக்குப் பெரும்பாலும் மதுசாரமே பயன்பட்டது. 1893ஆம் ஆண்டில் யேர்மனிய மருத்துவர் பேடினன்ட் புளூம், போமலினின் கிருமிகொல்லும் ஆற்றலைச் சோதிக்குங்கால், அது பட்ட தம் விரற்றோல் இறுகியிருக்கக் கண்டார். போமலின் புரதங்களைப் பிணைத்து இழையங்களை இறுகச் செய்யும் என்பது இவ்வாறு புலனாயிற்று.

இன்றைய முறை இரு படிகளையுடையது. முதற்கண், போமலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்த கரைசல் ஊசிமூலம் உடற்குழியினுள்ளும் தடித்த தசைகளினுள்ளும் செலுத்தப்படும். செதில் போர்த்த தோலினூடு திரவம் எளிதில் ஊறாமையே இதற்குக் காரணம். இறுகிய உடல் பின்னர் வளையாதாதலின், பாம்பாயின் சுருளாக அமைத்தே அக்கரைசலிற் சில நாள் இடுவர். அடுத்து நீரிற் கழுவி, 70 சதவீத மதுசாரத்துக்கு மாற்றுவர். போமலினிலேயே நெடுங்காலம் விடின், அது அமிலத்தன்மையுற்று என்பின் சுண்ணத்தைக் கரைக்கும்.

எனினும் இம்முறை சிலவற்றை அழிக்கவும் செய்கின்றது. போமலின் டி.என்.ஏ.யைச் சிதைப்பதால், ஈரலின் சிறு துண்டொன்று முன்னரே எடுக்கப்பட்டுச் செறிந்த மதுசாரத்தில் வைக்கப்படுகின்றது. மதுசாரத்தில் மஞ்சள் நிறப்பொருள் கரைய, பச்சைப் பாம்பு நீலமாகத் தோன்றும். ஆகவே இயல்பான நிறத்தை உடனே எழுதிவைத்தல் வேண்டும். கண்டெடுத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் என்பனவும் பதிவேட்டிற் குறிக்கப்பட்டு, உரிய இலக்கமிட்ட சீட்டு உடலிலேயே கட்டப்படும். சீட்டில்லாப் போத்தல் காட்சிப்பொருளாகலாம், ஆராய்ச்சிச் சான்றாகாது.

இப்பணியில் எச்சரிக்கையும் வேண்டும். போமலினின் ஆவி புற்றுநோய்க்கு ஏதுவாகும். இறந்த பாம்பின் நச்சுப்பல்லும் தீங்கு செய்யவல்லது. மதுசாரமோ எளிதிற் தீப்பற்றும். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரேசிலின் சாவோ பவுலோ நகரிலுள்ள புட்டன்ரன் நிலையத்திற் பரவிய தீ, 70,000க்கு மேற்பட்ட பாம்புகளின் உடலங்களைக் கொண்ட சேகரிப்பைப் பாழாக்கியது. வெட்டப்பட்ட காட்டிலிருந்து அதே பாம்பை மீண்டும் பெறுதல் இயலாது. ஆதலின் உடலங்களைத் தீயினின்று காப்பதோடு, பதிவேட்டின் பிரதியொன்றை வேறொரு கட்டடத்தில் வைத்தலும் பேணுவோர் கடமையாகும்.