இராகலையும் நுவரெலியா மாவட்டமும்: தரைத்தோற்றமும் குடிப்பரம்பலும்

ஒரு நிலப்பகுதியின் மக்களை நகரத்தார், நாட்டுப்புறத்தார் என இரு கூறாகப் பகுத்து நோக்குதல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்காகும். இலங்கையின் குடிசன மதிப்பீடோ இவற்றோடு தோட்டம் என்னும் மூன்றாவதொரு கூற்றையும் கொண்டுள்ளது. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் பத்துத் தொழிலாளரேனும் உடைய பெருந்தோட்டங்கள் இதனுள் அடங்கும். இக்கூறு எவ்வாறு தோன்றிற்று, அதனால் அம்மக்களுக்கு விளைந்தது யாது என்பவற்றை இராகலையை நடுவாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரைத்தோற்றமும் காலநிலையும்

நுவரெலியா மாவட்டம் 1,741 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால (2,524 மீற்றர்) இதன் நடுவே உயர்ந்து நிற்கின்றது. மேற்கே மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கைக்கு நீரளிக்கின்றன. கொத்மலை ஓயா, குருந்து ஓயா, உமா ஓயா என்பன மகாவலி கங்கையை அடைகின்றன.

மலைத்தொடரின் இரு புறங்களும் ஒரே காலத்தில் மழை பெறுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், கினிகத்தேனைப் பகுதிகளில் பெருமழை பொழியும் காலத்தில், கிழக்குச் சரிவிலுள்ள உடப்புசல்லாவைப் பகுதியில் வறண்ட காற்றே வீசும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்நிலை மாறிவிடுகின்றது. இக்காரணத்தால் மேற்கிலுள்ள திம்புளைத் தேயிலை ஆண்டின் தொடக்க மாதங்களிலும், இராகலையை உள்ளடக்கிய உடப்புசல்லாவைத் தேயிலை சிறப்பாக யூலை முதல் செப்டெம்பர் வரையிலும் தரத்தில் உயர்ந்து விளங்குகின்றன. நன்மை செய்யும் இதே அமைப்பு தீமைக்கும் ஏதுவாவதுண்டு. 2007 சனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் உயிர்களைப் பலிகொண்ட நிலச்சரிவுகள் வடகீழ்ப் பருவமழைக் காலத்திலேயே நிகழ்ந்தன.

நீரை நாடிய ஊரும் சரிவை நாடிய தோட்டமும்

இம்மாவட்டத்தில் இருவகைக் குடியிருப்புகள் உள. வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்தைப் பள்ளத்தாக்குகளிலுள்ள சிங்களக் கிராமங்கள் நீரோடைகளைச் சார்ந்து, படிமுறை வயல்களைச் சூழ்ந்து, பன்னெடுங்காலமாக வளர்ந்தவை. அவற்றுக்கு மேலேயுள்ள தோட்டங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்து உருவாக்கப்பட்டவை.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் இடையறாது பறிக்கப்பட வேண்டியது. ஆதலின் தொழிலாளர் குடும்பங்களோடு நிலைத்துத் தங்க நேர்ந்தது. அவர்தம் லயங்கள் தொழிற்சாலைக்கும் மலைகளுக்கும் அண்மையில், வேலைக்கு வசதியான இடங்களிலே கட்டப்பட்டன. கிராமத்தின் இருப்பிடத்தை நீர் தீர்மானித்தது. லயத்தின் இருப்பிடத்தை நிருவாகம் தீர்மானித்தது. இவ்வேறுபாடே இம்மாவட்டக் குடிப்பரம்பலின் திறவுகோல் எனலாம்.

இராகலை இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடமாகும். 1885 இல் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதையிலிருந்து, 1903-04 காலப்பகுதியில், நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒடுங்கிய பாதையொன்று அமைக்கப்பட்டது. அதன் ஈற்று நிலையம் இராகலையே. 1940களில் அப்பாதை கைவிடப்பட்டபோதும், அதனால் வளர்ந்த கடைவீதி நிலைத்துவிட்டது. தோட்டத்தாரும், மரக்கறி பயிரிடுவோரும், கீழ்ப்பள்ளத்தாக்குக் கிராமத்தாரும் இன்றும் இக்கடைவீதியையே நாடுகின்றனர்.

மக்கட்டொகை

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கட்டொகை 711,644 ஆகும். சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 409 பேர் என்னும் அடர்த்தி, நாட்டின் சராசரியாகிய 310 இலும் உயர்ந்ததாகும். இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 53 வீதத்தினர். சிங்களவர் ஏறத்தாழ 40 வீதத்தினர். இலங்கைத் தமிழர் நான்கரை வீதத்தினர். சோனகர் இரண்டரை வீதத்தினர். மலையகத் தமிழர் பெரும்பான்மையினராக வாழும் ஒரே மாவட்டம் இதுவேயாம்.

2001 இல் 703,610 ஆக இருந்த தொகை பதினோராண்டுகளில் ஒரு வீதத்திற்குச் சற்று மேலாகவே பெருகியது. அதே காலத்தில் நாட்டின் தொகை ஏறத்தாழ எட்டு வீதம் பெருகியதாகக் கணிக்கப்படுகின்றது. இளைஞர் தொழில் நாடிக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்வதே இத்தேக்கத்திற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

எண்ணிக்கையும் உரிமையும்

மலையகத் தமிழரைப் பொறுத்தவரை மக்கட்டொகை என்பது வெறும் கணக்கன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. நாடளாவிய நிலையில் இந்தியத் தமிழர் தொகை 1971 இல் 1,174,606 ஆகவிருந்து 1981 இல் 818,656 ஆகக் குறைந்தது. தாயகம் திரும்பியோராற் குறைந்தது ஒரு பங்கு. தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோராற் குறைந்தது மற்றொரு பங்கு. 1984 இல் தலைமன்னார் கப்பற்சேவை நின்றதும் திரும்புவோர் பயணமும் தடைப்பட்டது. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குத் தீர்வு தந்தன.

பிரசாவுரிமை கிடைத்த பின்னரும் 'தோட்டம்' என்னும் கூறு தடையாக நின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடுதற்கு இடையூறாக இருந்தது. வாக்களித்துச் சபையைத் தெரிந்த மக்கள் தம் லயத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் அச்சபையை நாட இயலாதிருந்தனர். 2018 ஆம் ஆண்டிலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது.

நகரத்தின் நிலையும் சிந்தித்தற்குரியது. மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்கு உட்பட்டோரே மதிப்பீட்டில் நகரத்தாராகக் கொள்ளப்படுவர். ஆகவே, பல தோட்டங்களுக்கு நகராக விளங்கும் இராகலைக் கடைவீதி, கணக்கில் நாட்டுப்புறமேயாம்.

மலையும் மழையும் மாற்றற்கரியன. மக்கள் எங்கு குடியமர்த்தப்பட்டனர், எக்கூற்றில் எண்ணப்பட்டனர் என்பன மனிதர் செய்தவை, அவை மாற்றத்தக்கன. லயத்து அறை உரிமையுள்ள காணியாகவும், தோட்டம் முகவரியுடைய ஊராகவும் மாறும்போதே இம்மூன்றாவது கூறு தேவையற்றதாகும். அதுவரை, இம்மாவட்டத்தின் புவியியலைக் கற்போர் நிலப்படத்தோடு சட்டப் புத்தகத்தையும் அருகில் வைத்துக் கற்றல் வேண்டும்.