பாட்டும் பாடும்

கேட்பதற்கு எளிதாக இருக்கும் பாட்டை எழுதுவதும் எளிதாகவே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். துணியை உடுத்துகிறவர் தறியின் ஓசையைக் கேட்பதில்லை. அதுபோலவே பாட்டைக் கேட்டு மகிழ்கிறவரும் அதற்குப் பின்னே இருந்த பாட்டை, அதாவது பட்ட பாட்டை, அறிவதில்லை. திரைப்படங்களுக்குப் பாட்டெழுதிப் பிழைப்பது ஒரு தொழில். அத்தொழிலில் மிகவும் அரிய வேலை எளிய சொல்லைக் கண்டுபிடிப்பதே என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தடாவில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அடுத்த நிலையம் நம் தடா. இங்கிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்குள் புறநகர் மின்சார வண்டி சூலூர்பேட்டையை அடைந்துவிடும். அதை அடுத்துள்ள மங்களம்பாடு என்னும் சிற்றூரில் 1921-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கிளாம்பி வேங்கட நரசிம்மாசாரியுலு பிறந்தார். கோத்திரப் பெயரைப் புனைபெயராகக் கொண்டு ‘ஆசார்ய ஆத்ரேயா’ எனத் தெலுங்கு நாடு முழுதும் புகழ்பெற்ற பாடலாசிரியர் இவரே.

இவர் முதலில் குமாஸ்தா வேலை பார்த்தவர், பின்னர் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர், அதன்பின் நாடகாசிரியர். இவருடைய ‘என்.ஜி.ஓ.’ என்னும் நாடகம், சிறு சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்தும் குமாஸ்தா ஒருவரின் அல்லலைச் சொல்வது. இரயில்வேக் குமாஸ்தாவாகிய நமக்கு அவரிடம் ஒரு தனி உறவு தோன்றுவதற்கு இதுவே போதும். 1951-இல் வெளிவந்த ‘தீட்சை’ என்னும் தெலுங்குப் படத்திலிருந்து பாட்டெழுதத் தொடங்கிய இவர், 1989 செப்டம்பர் 13-இல் மறையும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார்.

பாடலாசிரியரின் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். இயக்குநர் கதையில் பாட்டு வரும் இடத்தை விளக்குவார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டை வாசிப்பார். அந்த மெட்டு ‘தனனா தனனா’ என்னும் தத்தகாரமாகப் பாடலாசிரியரின் காதில் விழும். அவர் அதற்குள் சொல்லை வைத்தாக வேண்டும். ‘கடலே, அலையே’ என்றால் அந்த மெட்டில் அழகாக அமர்ந்துகொள்ளும். ‘கடல், அலை’ என்றாலோ பொருள் அதுவே ஆயினும் பாடுகிறவர் இடறுவார். மெட்டு நீளும் இடத்தில் ‘ல்’ என்னும் மெய்யெழுத்தை நீட்டிப் பாட இயலாது அன்றோ?

இங்கே தெலுங்குக்கு ஒரு வசதி உண்டு. நாம் கண், ஊர், வில் என்று மெய்யெழுத்தில் முடிக்கும் சொற்களை அவர்கள் கன்னு, ஊரு, வில்லு என்று உயிரோசையில் முடிக்கிறார்கள். ஆதலால் சொல்லின் முடிவில் இசை தங்கி நிற்க இடம் கிடைக்கிறது. தமிழ்ப் பாடலாசிரியர் விளியையும் வினையையும் வேற்றுமை உருபையும் பக்குவமாகப் பயன்படுத்தி அந்த இடத்தை உண்டாக்கிக்கொள்கிறார். இவ்வாறு கதைக்கும் மெட்டுக்கும் மொழிக்கும் ஒரே வேளையில் பணிசெய்ய வேண்டியவர் பாடலாசிரியர்.

நிற்க. ஆத்ரேயாவைப் பற்றித் தெலுங்குத் திரையுலகில் ஒரு பேச்சு வழங்கி வந்தது. எழுதினால் கேட்பவர்களை அழவைப்பார். எழுதாவிட்டால் தயாரிப்பாளர்களை அழவைப்பார் என்பதே அது. இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. அக்காலத்தில் வாத்தியக் குழுவினரும் பாடகரும் ஒருங்கே கூடித்தான் பாட்டைப் பதிவு செய்தனர். பாட்டு பதிவான பிறகே அக்காட்சியைப் படம் பிடிக்க முடியும். ஆகவே ஒருவர் பேனாவைத் திறக்கவில்லையென்றால் பலருடைய வேலை நின்றது. பணம் போட்டவருக்கு வட்டி ஏறியது. இவ்வளவு நெருக்கடியிலும் அவர் காத்திருந்தார்; பிறரையும் காக்க வைத்தார். அவ்வாறு வந்த பாடல்களிலோ அகராதியைப் புரட்ட வேண்டிய சொற்கள் மிகுதியாக இல்லை. கிணற்றடியிலும் திண்ணையிலும் மக்கள் பேசும் சொற்களே நிறைந்திருந்தன. ‘மனசு’ என்னும் சொல்லைப் பலமுறை எடுத்தாண்டு, ஒவ்வொரு முறையும் புதுமை தோன்றச் செய்தமையால் ‘மனசு கவி’ என்றே அவரை அழைத்தனர். பேச்சில் தாராளமாகப் புழங்கும் சொல்லைப் பாட்டில் புதிதாக ஒலிக்கச் செய்வதற்கு அத்தனை காத்திருப்பு வேண்டியிருந்தது போலும்!

அப்படியாயின் விரைந்து எழுதியவர்கள் பாடுபடவில்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். நம் கவியரசு கண்ணதாசன் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வது வழக்கம். பஞ்சு அருணாசலம் அவ்வாறு உடனிருந்து எழுதிப் பின்னர்த் தாமே பாடலாசிரியரானவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட கண்ணதாசன் கம்பனையும் சித்தர்களையும் தாமே தேடிப் படித்து மனத்தில் ஊறவைத்திருந்தார். ஒருவர் பாட்டெழுதும் நாளில் பாடுபட்டார். மற்றவர் அதற்கு முன்பே பாடுபட்டு முடித்திருந்தார். வேறுபாடு காலத்தில்தான், உழைப்பில் இல்லை.

இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. 1971-இல் தெலுங்கில் ‘பிரேம் நகர்’ வெளிவந்தது, பாடல்கள் ஆத்ரேயாவுடையவை. அதுவே 1972-இல் தமிழில் ‘வசந்த மாளிகை’ ஆயிற்று, பாடல்கள் கண்ணதாசனுடையவை. இரண்டுக்கும் இயக்குநர் கே. எஸ். பிரகாஷ் ராவ், நாயகி வாணிஸ்ரீ, இசையமைத்தவர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழரான கே. வி. மகாதேவன். பாட்டை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு மெட்டமைப்பதையே பெரிதும் விரும்பியவர் அவர். கதை ஒன்றே, துயரமும் ஒன்றே. ஆயினும் ஒருவரை ஒருவர் மொழிபெயர்க்கவில்லை. அவரவர் தத்தம் மொழியின் ஆழத்திலிருந்து சொல்லை எடுத்தனர். இரண்டு படங்களின் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் வசதி, இரு மொழியும் அறிந்த எல்லையோரத்து மக்களாகிய நமக்கு வாய்த்திருக்கிறது.

1978-இல் வந்த கே. பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து அன்பு கொள்ளும் கதை அது. எம். எஸ். விசுவநாதன் இசைக்கு ஆத்ரேயா பாட்டெழுதினார். ஒரு பாட்டின் இடையே தமிழ்ப் பேச்சு குறுக்கிட்டுப் பொருள் கேட்கும். வேறொரு பாட்டை அவர் திரைப்படப் பெயர்களைக் கொண்டே தொடுத்தார். மொழிமாற்றம் செய்யாமலே அப்படம் சென்னை சபையர் அரங்கில் ஐந்நூறு நாட்களுக்கு மேல் ஓடியது. சொல் எளிதாக இருந்தால் மொழி வேலியாக நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஊரை விட்டு வந்து இங்கே இரயில்வேயிலும் தொழிற்பேட்டையிலும் கடைத்தெருவிலும் பணிபுரியும் நம் குடும்பங்களில் ஒரு கவலை உண்டு. பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படித்துத் தெலுங்குப் பாட்டையே முணுமுணுக்கிறார்கள். தமிழ் நழுவிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் பாடாதே என்று வாயை அடைப்பதால் தமிழ் வளர்ந்துவிடாது. பிள்ளை முணுமுணுக்கும் அந்த மெட்டையே எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழில் ஒரே ஓர் அடி எழுதிப் பார்க்கச் சொல்லுவோம். எந்தச் சொல் நீளும், எந்தச் சொல் இடறும், ஒரே பொருளுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதைப் பிள்ளை தானே தேடத் தொடங்கும். அவ்வாறு தேடிப் பெற்ற சொல்லை அது மறக்காது.

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்குமாறு நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்களும் பிள்ளைகளுடன் அமர்ந்து எழுதலாம். ஓர் அடி எழுதி முடிப்பதற்குள்ளாகவே, மங்களம்பாட்டுக் கவிஞர் ஏன் அத்தனை பேரைக் காக்க வைத்தார் என்பது நம் எல்லோருக்கும் நன்கு விளங்கிவிடும்.