அப்பா மந்திரி; மகள் எதிர்க்கட்சி!

ஆரணிப் பக்கம் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். அப்பா தறியில் பட்டு நெய்வார்; பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுவான். பார்லிமெண்டையே இப்படிக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பம் ஒன்றும் தமிழ்நாட்டில் இருந்தது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை: பரம்பரையாகச் சபை வந்தது, கட்சி வரவில்லை!

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. அவர் மகள் பார்வதி ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார்!

1957 தேர்தலில் தந்தை திருச்செங்கோட்டில் காங்கிரஸ் அபேட்சகராக வென்றார். பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரில் கம்யூனிஸ்டாக வென்றார். இருவரும் ஒரே லோக்சபையில்! 1959-ல் தந்தை போக்குவரத்து மந்திரியானார். மகளோ எதிர் வரிசையில். வீட்டில் 'அப்பா' என்று கூப்பிட்ட வாயால் சபையில் 'கனம் மந்திரி அவர்கள்' என்று சொல்ல வேண்டிய நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

1962 தேர்தலில் பார்வதி தோற்றார். அதே வருஷம், மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது, தந்தை காலமானார்.

1973 மே 31-ந் தேதி டில்லிக்கருகே ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் ஒருவர் பார்வதியின் அண்ணன் மோகன் குமாரமங்கலம். முன்பு கம்யூனிஸ்ட், அப்போது காங்கிரஸ் மந்திரி. இன்னொருவர் கோயம்புத்தூர் அங்கத்தினர், கம்யூனிஸ்ட் தலைவர் பாலதண்டாயுதம்.

1974-ல் இடைத்தேர்தல். அண்ணனைப் பறித்த விபத்து காலி செய்த ஸ்தானம் அது. தங்கை அதற்கு நின்றார்; வென்றார். 1977-லும் கோவை மக்கள் அவரையே டில்லிக்கு அனுப்பினார்கள்.