சிஎஸ்கே ஜெயிச்சது ‘பை 5 விக்கெட்ஸ்’... அந்த 5 எங்கிருந்து வந்தது?

2023 ஐபிஎல் இறுதிப்போட்டி. கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து கோப்பையை வாங்கித் தந்தார். செய்தியில் வந்த வரி இதுதான்: ‘குஜராத்தை 5 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தியது சென்னை.’

ஸ்கோர்கார்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். குஜராத் இழந்தது 4 விக்கெட். சென்னை இழந்தது 5. அதாவது ஜெயித்த அணிதான் ஒரு விக்கெட் கூடுதலாக இழந்திருக்கிறது. அப்போ 5 விக்கெட் வித்தியாசம் எப்படி?

விஷயம் ஆங்கிலத்தில் வரும் ‘பை’ என்ற சின்ன சொல்லில் இருக்கிறது. ‘வொன் பை ஃபைவ் விக்கெட்ஸ்’ என்றால், இலக்கை எட்டியபோது அந்த அணியின் கையில் 5 விக்கெட் மிச்சம் இருந்தது என்று அர்த்தம். பத்திலிருந்து இழந்ததைக் கழித்தால் போதும். எதிரணி எத்தனை விக்கெட் இழந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ரன் விஷயத்தில் இந்தக் குழப்பம் வராது. 2024 டி20 உலகக்கோப்பை இறுதியில் இந்தியா 176, தென்னாப்பிரிக்கா 169. 7 ரன் வித்தியாசம், அவ்வளவுதான். அதே ‘வித்தியாசம்’ என்ற சொல்லை விக்கெட்டுக்கும் தமிழில் எழுதிப் பழகிவிட்டோம். சிக்கல் அங்கேதான்.

அவசரத்தில் ஸ்க்ரோல் அடிப்பவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். 2011 உலகக்கோப்பை இறுதியில் இந்தியா இழந்தது 4 விக்கெட். ‘4 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி’ என்று போட்டால் தப்பு. 6 விக்கெட் என்பதே சரி. 5 விக்கெட் வெற்றியில் மட்டும் இந்தத் தப்பு வெளியே தெரியாது, இழந்ததும் 5, மிச்சமும் 5!

டெஸ்ட்டில் ‘பை அன் இன்னிங்ஸ்’ என்றும் வரும். 2019 ஈடன் கார்டன்ஸ் பகலிரவு டெஸ்ட்டில் இந்தியா ஒரே இன்னிங்ஸில் 347. வங்கதேசம் 106, 195 என இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 301. இந்தியா இரண்டாவது முறை பேட் பிடிக்கவே இல்லை. அதனால் இன்னிங்ஸ் மற்றும் 46 ரன் வெற்றி.

சேஸ் செய்த அணி ரன் கணக்கில் ஜெயிக்குமா? மழை வந்தால் ஜெயிக்கும். 2023 ஆகஸ்ட்டில் டப்ளினில் அயர்லாந்தின் 139 ரன்னைத் துரத்திய இந்தியா 47/2 எடுத்திருந்தபோது ஆட்டம் நின்றது. டிஎல்எஸ் கணக்குப்படி அந்த நேரத்தில் 2 ரன் முன்னிலை. இலக்கை எட்டாததால் விக்கெட் கணக்கு வராது, ‘பை 2 ரன்ஸ்’தான். சென்னையின் இலக்கும் மழையால் 15 ஓவரில் 171 ஆகக் குறைந்ததுதான். ஆனால் அதை எட்டிவிட்டார்கள்.

இன்னொன்று, 5 விக்கெட் வெற்றி என்றால் ஏதோ ஈஸியாக ஜெயித்த மாதிரி இருக்கும். நடந்ததோ கடைசிப் பந்து திரில்லர். அதனால்தான் ஸ்கோர்கார்டுகளில் எத்தனை பந்து மீதம் என்பதையும் சேர்த்துப் போடுகிறார்கள். 2011-ல் மீதம் 10 பந்து. சென்னைக்கு ஒன்றுகூட இல்லை.