இரண்டு கையும் தூக்கினானா?

எங்கள் வீடு லாலாகுடாவில், ரயில்வே பட்டறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இத்தனை வருஷமாக ரயில் சத்தத்தில்தான் தூங்கி எழுகிறோம். பிரசவத்துக்கு வந்த என் பெண், பேரனோடு வீட்டுக்கு வந்த அன்றே, "ஹாரன் சத்தத்துக்குக் குழந்தை பயந்துடுமேம்மா" என்று கவலைப்பட்டாள். அவளும் இதே சத்தத்தில் வளர்ந்தவள்தான்!

பச்சைக் குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டால் நம்மவர்கள் உடனே மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். தூக்கத்தில் சிரித்தால் நரி விரட்டுகிறது என்பார்கள். நரி கதை போகட்டும், தூக்கிவாரிப் போடுவது பயம் இல்லை. திடீர்ச் சத்தம் கேட்டாலோ, தலை சட்டென்று பின்னால் சரிந்தாலோ, குழந்தை இரண்டு கைகளையும் அகல விரித்து, பிறகு எதையோ கட்டிக்கொள்வதுபோல் மடக்கும். பிறக்கும்போதே உடன் வரும் அனிச்சைச் செயல் இது. 1918-ல் இதை விவரித்து எழுதிய எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவரின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும்.

எட்டாம் நாள் மத்தியானம் ஒரு ஹாரன். பேரனின் வலது கை விரிந்தது. இடது கை அசையவில்லை. துணிச் சுற்று இறுக்கமோ என்று தளர்த்திவிட்டேன். அடுத்த வண்டிக்கும் அப்படியே. ஆனால் உள்ளங்கையில் என் விரலை வைத்தபோது இரண்டு கையும் கெட்டியாகப் பிடித்தன. அப்படியானால் தோள் பக்கம்தான் ஏதோ என்று தோன்றியது. பெண்ணிடம் சொன்னால், "உனக்கு எல்லாமே சந்தேகம்மா" என்றாள். பதினோராம் நாள் குளிப்பாட்ட ஆள் சொல்லியிருந்தோம். அந்த அம்மாள் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, கைகளைக் குறுக்கே இழுத்து நீவிவிடுவதில் கெட்டிக்காரி. அதை நினைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே டாக்டரிடம் போனோம்.

எக்ஸ்ரேயில் காறை எலும்பில் கீறல். பெரிய குழந்தைகளுக்குப் பிரசவத்தில் நேர்வதுண்டாம், யார் தப்பும் இல்லையாம். "தானாகக் கூடிவிடும். சட்டைக் கையை மார்போடு ஊக்கால் குத்தி வையுங்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், இழுத்து நீவவே வேண்டாம்" என்றார். நரம்பு இழுபட்டாலும் கை இப்படி அசையாமல் கிடக்குமாம். அதையும் சோதித்துப் பார்த்து, இல்லை என்றார். குளிப்பாட்டும் அம்மாளுக்குக் கோபம்தான், என்ன செய்ய!

அப்புறம் நாங்கள் பார்ப்பதும் லேசாகத் தூண்டுவதுமாகவே இருந்தோம். பால் கொடுக்கும்போது தலையைப் பிடித்து அழுத்தாமல், வாயோரம் தொட்டால் போதும், அவனே அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பான். மறு கன்னத்தில் நம் கை பட்டால் பாவம், அங்கே தேடுவான். பிடிக்கிறானே என்று விரலால் தூக்கிப் பார்க்கக் கூடாது. 1891-ல் லூயிஸ் ராபின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறந்த குழந்தைகளைக் குச்சியில் தொங்கவிட்டே பார்த்தாராம். படித்ததும் என் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வேண்டுமென்றே சத்தம் போட்டுத் துள்ள வைப்பதும் விளையாட்டு இல்லை.

நிறுத்திப் பிடித்தால் நடப்பதுபோல் காலெடுத்து வைப்பதும் அனிச்சைதான். இரண்டு மாதத்தில் அது நின்றுபோனால் கால் பலவீனமோ என்று பயப்பட வேண்டாம். தொடையில் சதை போட்டுக் கால் கனத்துவிடுவது ஒரு காரணம் என்று எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். தண்ணீருக்குள் நிறுத்தினால் அதே குழந்தை மறுபடி காலெடுத்து வைத்ததாம்.

சில நாளில் காறை எலும்பின் மேல் புளியங்கொட்டை அளவு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. எலும்பு கூடுகிறது என்றார் டாக்டர். மாதம் முடியும் சமயம், நான் சமையலறையில் இருந்தபோது ஹாரன் கேட்டது. உள்ளேயிருந்து பெண்ணின் குரல்:

"அம்மா, ரெண்டு கையும்மா!"