ஒரே உலை கேட்கும் நம்பிக்கை

ஆறு நாள் கூலி வேலை, ஏழாம் நாள் கோயில். நம் மக்களில் பல குடும்பங்களுக்கு வாரம் இப்படித்தான் நகர்கிறது. வேலை இல்லாத மாதம், கட்ட முடியாத வட்டி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய் முழங்கால் போடுகிறார்கள். எழுந்து வரும்போது கடன் குறைந்திருக்காது. ஆனால் திங்கட்கிழமையைச் சந்திக்கத் தெம்பு இருக்கும். அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமெங்கும் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். நிலமற்ற நம் முன்னோர்தான் முதலில் சாய்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். 'கஞ்சிக்கு மதம் மாறியவர்கள்' என்ற ஏளனம் இன்றும் ஓயவில்லை. பசித்தவர் கஞ்சி தேடுவதில் என்ன இழிவு? பஞ்சம் தீர்ந்த பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. காரணம், கஞ்சியோடு அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. 'நீயும் கடவுளின் பிள்ளை' என்று சொல்லும் ஒரு வேதம் கிடைத்தது. ஊர்த் தெருவில் நடக்கவே தடை இருந்த காலத்தில் அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது!

ஆனால் கோயிலுக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் 2008-இல் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் வேதத்தைக் கீழே வைக்கவில்லை. அதே வேதத்தைக் காட்டித்தான் நியாயம் கேட்டார்கள்.

இந்த நியாயத்தை நம் மொழியிலேயே பேசியவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர், மாணவர்களுக்குப் 'பரட்டை' அண்ணன், 2005-இல் மறைந்தார். கீர்த்தனையும் மேல்நாட்டு ராகமும் ஆண்ட வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் மையம் 'ஒரு உலை'. கிராமத்தில் அண்ணன் தம்பி பிரிந்தால் உலை தனியாகும், சேர்ந்தால் ஒன்றாகும். கடவுளின் குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரே உலையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றார். செத்த பிறகு கிடைக்கும் சொர்க்கத்தோடு அவருடைய நம்பிக்கை நிற்கவில்லை. இன்றைய பானையையும் இன்றைய பந்தியையும் அது கேள்வி கேட்டது.

அந்தக் கேள்வி அரசுக்கும் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் வழி திறந்தது. தலித் கிறித்தவர்களுக்குத் திறக்கவில்லை. மதத்தைப் பார்க்காமல் இந்தத் தகுதியைக் கொடுக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே நிறைவேற்றியது. மதம் மாறியவரைத் தெருவில் யாரும் புதுச் சாதியாகப் பார்ப்பதில்லை. சட்டம் மட்டும் அப்படிப் பார்க்கிறது.

மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். ஆனாலும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் 'கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்ற பிரிவு உண்டு. கல்லூரியில் சேரும்போது இதைக் கேட்டு விண்ணப்பியுங்கள். 'உனக்குக் கிடையாது' என்று யாராவது வாயால் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ஜெபம் தெம்பு தரும். அந்தத் தெம்போடு தாலுகா ஆபீஸ் படியும் ஏற வேண்டும், பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் வேண்டும். கல்லறைச் சுவர் நமக்கு எதற்கு என்று அங்கே முதல் ஆளாகக் கேளுங்கள். வேதம் படித்த பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு.