உங்களுக்குத் தெரியுமா? பனிமலை ராணி உல்ரிக்கே மயர்

1989-ல் அமெரிக்காவின் வெய்ல் நகரில் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன்ஷிப். சூப்பர் ஜி பிரிவில் தங்கம் வென்ற ஆஸ்திரிய வீராங்கனை உல்ரிக்கே மயர் அப்போது கருவுற்றிருந்தார்! அதே ஆண்டு மகள் பிறந்தாள்.

குழந்தை பிறந்தால் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது என்று பலரும் நினைத்த காலம் அது. 1991-ல், சொந்த மாநிலமான சால்ஸ்பர்க்கில் உள்ள சால்பாக்கில், சூப்பர் ஜி தங்கத்தை மறுபடியும் வென்றார். ஜயன்ட் ஸ்லாலமில் வெள்ளியும் கிடைத்தது. தாயான பிறகு கிடைத்த இந்தத் தங்கம்தான் அவருடைய ஆகப் பெரிய சாதனை.

சூப்பர் ஜி-யில் ஒரே ஒரு ஓட்டம்தான். டவுன்ஹில்லின் வேகமும் வேண்டும், ஜயன்ட் ஸ்லாலமின் வளைவுகளும் கைவர வேண்டும்.

உலகக் கோப்பைத் தொடரில் மயருக்கு 5 வெற்றிகள். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிடைக்கவே இல்லை.

மயரின் கடைசிப் பந்தயம் நடந்த, ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹன் பந்தயப் பாதையின் பெயர் 'காந்தஹார்'. ஆம், ஆப்கானிஸ்தான் நகரத்தின் பெயரேதான். ஆப்கானிஸ்தானில் நடந்த போரில் புகழ்பெற்று 'காந்தஹார் பிரபு' என்று பட்டம் பெற்ற பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ், பனிச்சறுக்குக்கு ஒரு கோப்பை வழங்கினார். பெயர் அப்படித்தான் ஆல்ப்ஸ் மலை ஏறியது.

1994 ஜனவரி 29. அந்தப் பாதையில் டவுன்ஹில் போட்டி. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்த மயர் நிலைதடுமாறி விழுந்தார். ஹெல்மெட் கழன்று போனது, கழுத்து முறிந்தது. வயது 26. வீட்டில் 4 வயது மகள். லில்லிஹாமர் ஒலிம்பிக் தொடங்க இரண்டே வாரம் இருந்தது. தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உறைந்துபோனார்கள்.

அன்று முதலிடம் பிடித்தவர் 18 வயது இத்தாலிய வீராங்கனை இசோல்டே கோஸ்ட்னர். அவருடைய முதல் உலகக் கோப்பை வெற்றி அது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த மகிழ்ச்சி, இப்படி ஒரு நாளில் வந்து சேர்ந்தது.

நேரம் அளக்கும் கருவி பொருத்திய கம்பத்தில் மோதித்தான் மயர் இறந்தார் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். பாதையோரம் இருந்த பனிக்குவியலில் மோதினார் என்ற கருத்து பின்னர் எழுந்தது. எதில் மோதியிருந்தாலும், அவ்வளவு வேகத்தில் விழுபவருக்குச் சறுக்கிப்போகக் காலியிடம் வேண்டும். பாதையோரத்தில் எதுவும் இருந்திருக்கவே கூடாது. போட்டிக்குப் பொறுப்பான அதிகாரிகள்மீது வழக்கும் நடந்தது.